வாசகர் கேள்வி பதில்: வாஷிங்டன் வான்வெளியும் தனியார் விமானங்களும்

கேள்வி: அமெரிக்கத் தலைநகரை ஒட்டியுள்ள ரீகன் விமான நிலையத்தில் பயணிகள் விமானங்கள் நாள் முழுவதும் வந்து போகின்றன. ஆனால் சொந்த விமானத்தில் வருபவர் அங்கே இறங்க வேண்டுமானால் ஆயுதம் ஏந்திய காவலர் ஒருவரை உடன் கொண்டுவர வேண்டும் என்று படித்தேன். நூற்றைம்பது பேர் வரும் விமானத்தைவிட நான்கு பேர் வரும் விமானம் எவ்வகையில் ஆபத்தானது?
– வாசகர், சேலம்

பதில்: அந்த விதி விமானத்தின் அளவைப் பார்த்து எழுதப்பட்டதன்று. விமானத்தில் ஏறியவர் யார், ஏறுவதற்கு முன் அவரை யாரேனும் சோதித்தார்களா என்பதே அதன் அடிப்படை. பயணிகள் விமானத்தில் ஏறுபவர் சோதனைச் சாவடியைக் கடந்துதான் வருகிறார். விமானி அறையின் கதவும் 2001-க்குப் பிறகு வலுப்படுத்தப்பட்டுவிட்டது. தனியார் விமானத்தில் செல்பவரோ பெரும்பாலான இடங்களில் காரிலிருந்து இறங்கி நேரே விமானத்தில் ஏறிவிடலாம்.

இதனுடன் தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரீகன் விமான நிலையம் பொட்டோமாக் ஆற்றங்கரையில், வெள்ளை மாளிகையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே இறங்க வரும் விமானம் திடீரெனத் திசை மாறினால், விமானியை அழைத்து, பதிலுக்குக் காத்திருந்து, முடிவெடுப்பதற்குக் கிடைப்பது ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. ஆகவே வானத்தில் செய்ய இயலாத சோதனையை, விமானம் புறப்படும் ஊரிலேயே தரையில் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் மூடப்பட்ட இந்நிலையம், அக்டோபர் 4 அன்று பயணிகள் விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. அப்போதும், புறப்பட்ட பின் 30 நிமிடங்களும் இறங்குவதற்கு முன் 30 நிமிடங்களும் பயணிகள் எவரும் இருக்கையை விட்டு எழக் கூடாது என்ற கட்டளை இருந்தது. அது 2005 ஜூலையில்தான் விலக்கப்பட்டது. தனியார் விமானங்கள் நான்கு ஆண்டுகள் காத்திருந்து, 2005 அக்டோபரில் கடுமையான நிபந்தனைகளுடன் திரும்பின. நாளொன்றுக்கு 24 வருகைகள், 24 புறப்பாடுகள் என்று வரம்பு வைத்தார்கள். பயணிகளின் விவரங்களை 24 மணி நேரத்துக்கு முன்பே அளிக்க வேண்டும். விமானக் குழுவினரின் கைரேகைகள் குற்றப் பதிவேடுகளுடன் ஒப்பிடப்படும். பாஸ்டன், நியூயார்க்கின் லகுவார்டியா, சிகாகோவின் மிட்வே போன்ற, தொடக்கத்தில் 12-ஆக இருந்த குறிப்பிட்ட நிலையங்களுள் ஒன்றில் இறங்கி, ஆட்களையும் பெட்டிகளையும் விமானத்தையும் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். அதற்கும் மேல்தான் நீங்கள் குறிப்பிடும் ஆயுதக் காவலர். அவருக்கான செலவு விமானம் இயக்குபவரையே சாரும்.

இந்த நிபந்தனைகளில் தரைச் சோதனை எனக்கு நியாயமாகவே படுகிறது. அனைவரையும் சோதித்த பிறகும் ஆயுதக் காவலர் தேவை என்பதை என்னால் அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை. வசதியுள்ளவர்கள் சுமார் 40 கிலோமீட்டர் மேற்கே உள்ள டல்லஸ் விமான நிலையத்தில் இறங்கிக் காரில் நகருக்குள் வந்துவிடலாம். அங்கே இந்தக் காவலர் தேவையில்லை.

கேள்வி: நகரைச் சுற்றி வளையம் போட்டதால் பயன் ஏதும் உண்டா? தவறி நுழைந்த அப்பாவிகளைத் தவிர வேறு யாரும் பிடிபட்டதாகத் தெரியவில்லையே?
– வாசகி, திருச்சி

பதில்: வளையத்தின் முதற்பயன் பிடிப்பதன்று, நேரத்தைப் பெறுவது. ரீகன் நிலையத்தை மையமாகக் கொண்டு 30 கடல் மைல் (சுமார் 55 கிலோமீட்டர்) ஆரத்தில், தரையிலிருந்து 18,000 அடிக்குக் கீழே உள்ள வான்வெளி சிறப்பு விதிகளுக்கு உட்பட்டது. 2003-இல் தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கி 2009-இல் நிரந்தரமானது. கருவிகளை நம்பாமல் கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானங்கள் இதற்குள் 180 நாட் (மணிக்கு 180 கடல் மைல்) வேகத்தைத் தாண்டக் கூடாது. அந்த வேகத்தில் 30 கடல் மைலைக் கடக்க 10 நிமிடங்கள் ஆகும். அந்த 10 நிமிடங்களுக்காகவே இந்த ஏற்பாடு முழுவதும்.

அந்த அவகாசம் வீண் என்றும் சொல்ல முடியாது. 2005 மே 11 அன்று வழி தவறிய செஸ்னா 150 என்னும் சிறு விமானம் ஒன்று நகரை நெருங்கியபோது வெள்ளை மாளிகையும் நாடாளுமன்றக் கட்டடமும் காலி செய்யப்பட்டன. போர் விமானங்கள் எரிசுடர்களை வீசி எச்சரித்தன. இறுதியில் அது சுடப்படாமல் தரையிறக்கப்பட்டது. பொறுப்பு விமானியின் உரிமம் பறிக்கப்பட்டது, ஆனால் அதில் வந்த இருவரும் உயிருடன் திரும்பினார்கள். அவகாசம் இல்லாதிருந்தால் என்ன முடிவு எடுக்கப்பட்டிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

ஆனால் அமைப்புகள் தமக்குள் பேசிக்கொள்ளாவிட்டால் எந்த வளையமும் உதவாது. 2004 ஜூன் 9 அன்று, முன்னாள் அதிபர் ரீகனின் இறுதிச் சடங்குக்கு வந்த கென்டக்கி மாநில ஆளுநரின் விமானத்தில் அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பாண்டர் பழுதாகியிருந்தது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு அது தெரியும். அவர்கள் அனுமதித்தே அது வந்தது. பாதுகாப்புப் பிரிவினருக்கோ அது அடையாளமற்ற விமானமாகத் தெரிந்ததால், நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

கேள்வி: இந்த விதிகளால் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் யார்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஐயமின்றி, சிறிய விமான நிலையங்களும் அவற்றை நம்பியிருந்தவர்களும்தான். மேரிலாந்தின் காலேஜ் பார்க் நிலையம் 1909-இல் உருவானது. வில்பர் ரைட் ராணுவ அதிகாரிகளுக்கு விமானம் ஓட்டக் கற்பித்த இடம் அது. தொடர்ந்து இயங்கிவரும் விமான நிலையங்களில் உலகிலேயே பழமையானதாகக் கொண்டாடப்படுகிறது. தலைநகருக்கு மிக அருகில், 30 கடல் மைல் வளையத்துக்குள்ளேயே இன்னும் கடுமையான விதிகள் கொண்ட உள்வளையத்துக்குள் அமைந்துவிட்டதால், வெளியூர் விமானிகள் அங்கே இறங்க 2005 வரை வழியே இல்லாமல் போயிற்று. இன்று செல்ல விரும்புபவர் கைரேகை கொடுத்து, பின்னணிச் சோதனையில் தேறி, தனக்கென ஒரு ரகசிய எண்ணைப் பெற வேண்டும். ஒரு செஸ்னா 150 எரிபொருளும் ஆட்களும் சேர்ந்தே சுமார் 725 கிலோதான்; சிறிய கார் ஒன்றின் எடைகூட இராது. 1994 செப்டம்பரில் திருடப்பட்ட அத்தகைய விமானம் ஒன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் விழுந்தபோது இறந்தவர் அதை ஓட்டியவர் மட்டுமே. அதற்காகச் சிறு விமானங்களைக் கண்காணிக்காமல் விடச் சொல்லவில்லை. விதியின் சுமை ஆபத்தின் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கேள்வி: என் மருமகன் வர்ஜீனியாவில் விமானம் ஓட்டக் கற்று வருகிறார். அவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகி, மதுரை

பதில்: தலைநகரிலிருந்து 60 கடல் மைலுக்குள் கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானிகள் அனைவருக்கும் ஒரு சிறப்புப் பயிற்சி கட்டாயம். மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதை இணையத்தில் கட்டணமின்றி நடத்துகிறது. தேர்ச்சிச் சான்றிதழை அவர் கையில் வைத்திருப்பது நல்லது. 30 மைல் வளையத்துக்குள் நுழையும் முன், அதற்குரிய பயணத் திட்டத்தைப் பதிவு செய்து, கட்டுப்பாட்டாளரோடு வானொலியில் பேசி, தம் விமானத்துக்கென்று கொடுக்கப்பட்ட நான்கு இலக்க எண்ணை ட்ரான்ஸ்பாண்டரில் இட வேண்டும். கண்ணால் பார்த்துப் பறப்பவர்கள் மற்ற இடங்களில் வழக்கமாக இடும் 1200 என்ற பொது எண்ணுடன் உள்ளே நுழைவது விதிமீறல். தரையிலிருந்து சிவப்பு, சிவப்பு, பச்சை என்று ஒளிக்கற்றை மின்னுவதைக் கண்டால், அது அவருக்கான எச்சரிக்கை: கட்டுப்பாட்டாளரோடு தொடர்பில் இருந்தால் உடனே அவரிடம் தெரிவிக்க வேண்டும், இல்லையெனில் தலைநகரை விட்டு விலகித் திரும்பி, 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் அழைக்க வேண்டும்.