கெல்ப் பொட்டலத்தில் தேட வேண்டிய எண்

கேள்வி: உலர்ந்த கெல்ப் கடற்பாசி வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் தகடுகளின் மேல் வெள்ளையாக மாவு படிந்திருக்கிறது. பூஞ்சை என்று திருப்பிக் கொடுக்கலாமா? தைராய்டுக்கு நல்லது என்று கெல்ப் மாத்திரையையும் பரிந்துரைக்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அந்த மாவு பெரும்பாலும் மானிட்டால் என்ற இனிப்புப் பொருளாக இருக்கும். கெல்ப் தன் உடலில் சேர்த்து வைப்பது அது. உலரும்போது மேலே வந்து படிகிறது. தண்ணீரில் அலசினால் சுவையும் சேர்ந்து போய்விடும். ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கெதா குளுட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்தெடுத்தது இந்த வகைத் தகடுகளின் சாற்றிலிருந்துதான். ஆனால் படிவு பஞ்சு போலப் புசுபுசுவென்றோ பச்சையாகவோ இருந்து, முடை நாற்றமும் அடித்தால் பூஞ்சையேதான். தயங்காமல் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

எனக்குக் கவலை தருவது மாத்திரை. கெல்ப் கடல்நீரிலுள்ள அயோடினை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். ஜப்பானியச் சமையலில் பயன்படும் கெல்ப் வகையான கோம்பு, உலர்ந்த நிலையில் ஒரே கிராமில் 2,000 மைக்ரோகிராமுக்கு மேலும் இருக்கக்கூடும். வக்காமே என்ற இன்னொரு உணவுக் கடற்பாசியில் அதைவிட மிகக் குறைவு. ஒரே இனத்திலும் விளைந்த இடத்தையும் பருவத்தையும் பொறுத்து அளவு மாறும். அயோடின் மிஞ்சினால் தைராய்டு மந்தமாகலாம், அளவுக்கு மீறி வேலை செய்யவும் தொடங்கலாம். அப்படிப்பட்ட பொருளைத் "தைராய்டுக்கு நல்லது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி விற்பது பெரிய தவறு.

சீட்டில் "கெல்ப் 500 மி.கி." என்று போட்டிருந்தால் அது பாசியின் எடை மட்டுமே. ஒரு மாத்திரையில் அயோடின் எத்தனை மைக்ரோகிராம் என்று தனியாக அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள். தைராய்டு மருந்து சாப்பிடுபவர்களும் கருவுற்றவர்களும், எண் இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கேள்வி: கெல்ப் திரவ உரம் ஒன்றே செடிகளுக்குப் போதும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. அதில் சாம்பல்சத்து ஓரளவு உண்டு. தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. மக்கிய எருவோடு துணையாகக் கொடுங்கள். குப்பியில் சத்துகளின் விகிதம் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.