பழைய மாநிலக் கொடிகளின் நகல்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க மாநிலங்களின் பழைய கொடி நகல்களைச் சேகரிக்கிறேன். கலிஃபோர்னியாவின் கரடிக் கொடி கடைக்குக் கடை வேறு தோற்றத்தில் கிடைக்கிறது. எது சரியானது?

பதில்: எந்த ஆண்டின் கொடி என்பதை விற்பவர் சொல்லாதவரை எதையும் சரியென்று கொள்ள முடியாது. 1846 ஜூனில் கலிஃபோர்னியாவின் சொனோமாவில், மெக்சிகோ ஆட்சியை எதிர்த்த அமெரிக்கக் குடியேறிகள் ஏற்றிய கொடியில் வில்லியம் டாட் வரைந்த கரடி, கண்டவர்களில் சிலர் அதைப் பன்றி என்றே எண்ணும் அளவுக்குச் செப்பமற்றதாக இருந்தது. அந்த மூலக்கொடி 1906 சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை அடுத்து மூண்ட தீயில் அழிந்துவிட்டதால், அதற்கு முன் எடுக்கப்பட்ட புகைப்படத்தை ஒட்டி வரைந்த நகலே நம்பத்தக்கது. 1911இல் கரடிக் கொடி மாநிலக் கொடியாகச் சட்டமானது. ஆயினும் கரடியின் உருவமும் நிறங்களும் திட்டமாக வரையறுக்கப்பட்டது 1953இல்தான். ஆகவே இன்றைய கம்பீரமான பழுப்புக் கரடியைப் போட்டு '1846' என்று விற்றால் வாங்காதீர்கள்.

மெய்ன் மாநிலத்தின் 1901 கொடியில் சிக்கல் வேறு வகையானது. மங்கிய மஞ்சள் தளம், நடுவில் பைன் மரம், மேல் மூலையில் நீல விண்மீன் ஆகியவை அதன் அடையாளங்கள். 1909இல் மாநிலச் சின்னம் பொறித்த நீலக் கொடி அதன் இடத்துக்கு வந்தது. இப்போது பரவலாக விற்கும் எளிய மர வடிவம் பெரும்பாலும் இக்கால ஓவியர்களின் கற்பனை. அதை விரும்பி வாங்குவதில் தவறில்லை, ஆனால் வரலாற்று நகல் என்று காட்சிக்கு வைப்பது பொருந்தாது.

கேள்வி: எங்கள் சங்கத்தில் 1920களின் அறை ஒன்றைக் காட்சியாக அமைக்கிறோம். மலிவான நைலான் கொடி போதாதா?

பதில்: போதாது. நைலான் 1935இல்தான் ஆய்வகத்தில் உருவானது. அதன் பளபளப்பே அந்த அறையைப் பொய்யாக்கிவிடும். கம்பளி அல்லது பருத்தித் துணியில், துண்டுகளை வெட்டித் தைத்து, கம்பத்தோரத்தில் தடித்த பருத்திப் பட்டையும் பித்தளை வளையங்களும் வைத்த கொடியைக் கேளுங்கள். பழமைத் தோற்றத்துக்காகத் தேநீரில் தோய்த்த கொடிகளையும் சிலர் விற்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் நாளை கைமாறும்போது அதை அசல் என்று சொல்லி விற்க அதுவே வழிவிடும். மாறாக, 'நகல்' என்பதையும் தைத்த ஆண்டையும் கம்பத்தோரப் பட்டையில் அழியாத மையால் எழுதச் சொல்லுங்கள். பழந்துணிகளுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் அளவு ஒளியையே அனுமதிக்கின்றன. அசல் கொடி உங்களிடம் இருந்தால் அதை இருளில் பத்திரப்படுத்திவிட்டு, வெளிச்சத்தில் நகலைத் தொங்கவிடலாம்.

கேள்வி: மிசிசிப்பியின் 1894 கொடியை வரிசையில் சேர்க்கலாமா?

பதில்: மூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்புப் படையுடைய போர்ச் சின்னம் இருந்ததால் 2020இல் விலக்கப்பட்ட கொடி அது, அவ்வாண்டு நவம்பரில் வாக்காளர்கள் புதிய கொடியை ஏற்றார்கள். பழையதைக் கம்பத்தில் ஏற்றாமல், ஆண்டுகளும் விலக்கப்பட்ட காரணமும் எழுதிய குறிப்புடன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதே முறை. கம்பங்களில் மாநிலக் கொடிகளை வரிசையாக நிறுத்தினால், அமெரிக்கக் கொடிச் சட்டப்படி தேசியக் கொடி அவற்றின் நடுவிலும் எல்லாவற்றையும்விட உயரத்திலும் இருக்க வேண்டும்.