ஜார்ஜியாவில் சில ஓடைகளை மட்டும் 'டிரவுட் ஓடை' என்று அரசு அறிவிப்பது ஏன்?

அட்லாண்டா பக்கம் இருக்கிறீர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு வட ஜார்ஜியா மலையில் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏரியில் மீன் பிடிக்க இல்லாத விதியெல்லாம் இந்த ஓடைகளுக்கு ஏன் என்பது உங்கள் கேள்வி. பதினோரு வருடமாக அந்த ஓடைகளுக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் பயணத்துக்கு வேண்டியது. 16 வயது ஆன எல்லோருக்கும் மீன்பிடி உரிமம் வேண்டும், அதோடு டிரவுட்டுக்கென்று தனி உரிமமும் வேண்டும். அப்பா ஜார்ஜியாவில் குடியிருப்பவர் இல்லை என்பதால் அவருக்கு வெளியாருக்கான உரிமம்தான். வயதானவர் என்ற சலுகை இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டுமே. ஆளுக்கு ஒரு தூண்டில். உயிருள்ள சின்ன மீனை இரையாகக் கோர்க்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒருவர் எட்டு டிரவுட் வரை வைத்துக்கொள்ளலாம். இவை பொதுவான விதிகள். அப்புறம் ஓடைக்கு ஓடை மாறும். நூன்டூட்லா ஓடையில் 16 அங்குலத்துக்குக் குறைந்த மீனை நீரில் விட்டுவிட வேண்டும். ஸ்மித்கால் வனத்திலுள்ள டியூக்ஸ் ஓடையில் பிடிக்கும் எல்லாவற்றையுமே விட்டுவிட வேண்டும். அமிக்கலோலா ஓடையின் ஒரு பகுதியிலும் இன்னும் சில இடங்களிலும் நவம்பர் 1 முதல் மே 14 வரை ஒற்றை முள் வைத்த செயற்கை இரைதான், பிடித்ததைத் திரும்ப விட வேண்டும். மே 15 முதல் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

முன்பு இதைவிடக் கடினம். வருடம் முழுக்கத் திறந்திருக்கும் ஓடை, பருவத்தில் மட்டும் திறக்கும் ஓடை என்று இரண்டு வகை இருந்தது. 2015இல் அந்தப் பருவத் தடையை எடுத்துவிட்டார்கள். பழைய பதிவுகளைப் படித்துவிட்டு குளிர்காலத்தில் போகக் கூடாது என்று நினைக்க வேண்டாம்.

சரி, ஏன் தனி விதி? இந்த மீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். நீரின் வெப்பம் 70 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் திணறத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் கிழக்கில் டிரவுட் வாழும் மலைத்தொடர் கிட்டத்தட்ட இங்கேதான் முடிகிறது. தெற்கே போனால் வெயில். அதனால் ஒரு ஓடையை 'டிரவுட் ஓடை' என்று பட்டியலில் சேர்ப்பது மீன் பிடிப்பவனுக்கான அறிவிப்பு மட்டுமல்ல. கரையில் நிலம் வைத்திருப்பவனுக்கும், வீடு கட்டுகிறவனுக்கும், சாலை போடுகிறவனுக்கும் அது பொருந்தும். நாம் கையில் வைத்திருக்கும் மீன்பிடி விதிப் புத்தகத்தில் இந்தப் பாதி இருக்காது. எனக்கு இதுதான் முக்கியமான பாதி.

நீர்த்தர விதிகளில் டிரவுட் ஓடைகளை முதல்நிலை, இரண்டாம் நிலை என்று பிரித்திருக்கிறார்கள். முதல்நிலை ஓடையில் நீரின் இயல்பான வெப்பத்தை யாரும் கொஞ்சமும் கூட்டக் கூடாது. இரண்டாம் நிலையில் 2 டிகிரி பாரன்ஹீட் வரை பொறுப்பார்கள். அதோடு 1975இல் வந்த மண்ணரிப்புத் தடுப்புச் சட்டம் சேர்கிறது. சாதாரண ஓடை என்றால் கரையிலிருந்து 25 அடிக்கு மரம் செடியைத் தொடக் கூடாது. டிரவுட் ஓடை என்றால் 50 அடி. எங்கிருந்து அளப்பது என்பதைச் சட்டம் அழகாகச் சொல்கிறது: வழக்கமாக ஓடும் நீர் செடிகொடியைப் பிய்த்துக்கொண்டு போன இடத்திலிருந்து. ஓடையே போட்ட கோடு அது. கரையில் நின்று பார்த்தால் நமக்கும் தெரியும்: ஒரு மட்டம் வரை வெறும் கல்லும் வேரும், அதற்கு மேல் பாசியும் பெரணியும்.

அந்த 50 அடி என்ன செய்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பழக்கமான ஒரு சின்ன ஓடை, தாண்டினால் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் அகலம். இரண்டு கரையிலும் ரோடோடென்ட்ரான் கூரை போல் கவிந்திருக்கும் (நீலகிரியில் காட்டுப்பூவரசு என்பார்களே, அதன் உறவுச் செடி). ஒரு வசந்த காலத்தில் மழை விட்ட மறுநாள் போனேன். நீர் பால் விட்ட தேநீர் மாதிரி ஓடியது. மேலே நடந்து போய்ப் பார்த்தால், மலைவீடு கட்ட ஒரு மனையைத் தண்ணீர் விளிம்பு வரை மொட்டையடித்திருந்தார்கள். செம்மண் சரிவு நேராக ஓடைக்குள் இறங்கியது. குனிந்து ஒரு கல்லைப் புரட்டினேன். வழக்கமாக அதன் அடியில் ஈசல் மாதிரி பறக்கப்போகும் பூச்சிகளின் இளம் புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்று விரலில் ஒட்டியது சேறு மட்டும். டிரவுட் சரளைக் கல்லுக்குள் முட்டையைப் புதைத்து வைக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. அந்த இடைவெளியைச் சேறு அடைத்துவிட்டால் அந்த வருடத்துக் குஞ்சுகள் அவ்வளவுதான். புகார் கொடுத்தேன்; அளவு நாடாவோடு வந்து பார்த்து வேலையை நிறுத்தினார்கள், சேறு தடுக்கும் துணிவேலி போட வைத்தார்கள். வெட்டின மரத்தை யார் திரும்ப நட்டாலும் அந்த நிழல் வர இருபது வருடம் ஆகும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த 50 அடி ஒரு காலத்தில் 100 அடியாக இருந்தது. 2000இல் சட்டமன்றம் பாதியாக்கியது. ரொம்பச் சின்ன டிரவுட் ஓடை, அதாவது ஆண்டுச் சராசரியாக நிமிடத்துக்கு 25 காலனுக்கு மேல் ஓடாத ஊற்றோடை என்றால், நிலத்துக்காரர் அதை 200 அடி வரை குழாய்க்குள் விட்டு மூடிவிடலாம் என்றும் இடம் கொடுத்தது. விவசாயத்துக்கும் காட்டு மரத்தொழிலுக்கும் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரை மரங்களின் அகலம் குறைந்தால் நீர் சூடாகி ஓடையில் இளம் டிரவுட் பெரிதும் குறைந்துவிடும் என்று பிறகு காட்டினார்கள். பெரிய ஆறு குளிர்ச்சியாக இருப்பதே இந்தப் பெயர் தெரியாத ஊற்றுகள் வந்து சேர்வதால்தான். அவற்றை விட்டுவிட்டுக் கீழே எட்டு மீன், ஒரு தூண்டில் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 100 அடியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ஓடையில் கிடைப்பதில் வானவில் டிரவுட் பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்தது, பிரவுன் டிரவுட் ஐரோப்பாவிலிருந்து வந்தது. புரூக் டிரவுட் ஒன்றுதான் இந்த மண்ணின் சொந்த மீன், அதுவும் இப்போது உச்சியிலுள்ள குளிர் ஊற்றோடைகளில்தான் மிச்சம். அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள், ரசிப்பார்: வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீனைக் காக்க 1879லேயே நீலகிரிக்கென்று தனிச்சட்டம் போட்டது மதராஸ் மாகாணம்.

பட்டியலில் ஓடை இருப்பதால் மட்டும் அதில் இறங்கிவிட முடியாது. படகு போக முடியாத ஓடையின் அடிமண் கரைக்காரருக்குச் சொந்தம். அனுமதி கேட்காமல் வேலி தாண்டினால் அத்துமீறல். முதல் தடவை என்பதால் தேசிய வன நிலத்துக்குள் ஓடும் ராக் ஓடை மாதிரி இடத்துக்குப் போங்கள், வளர்ப்பு மீனைக் கொண்டுவந்து ஓடையில் விடுவதும் அங்கே அதிகம்.

மலைக்குப் போக நேரமில்லை என்றால் பியூஃபோர்டு அணைக்குக் கீழே சட்டஹூச்சி ஆறு இருக்கிறது. லேனியர் ஏரியின் ஆழத்திலிருந்து தண்ணீர் வருவதால் ஆகஸ்டிலும் கால் விறைக்கும். அணையிலிருந்து 20ஆம் எண் நெடுஞ்சாலைப் பாலம் வரை நீரில் இருக்கும் எல்லோரும் உயிர்காப்புச் சட்டை போட்டே ஆக வேண்டும், அது சட்டம். அணையில் சங்கு ஊதினால் தூண்டிலில் மீனே இருந்தாலும் சரி, பையனைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடுங்கள். தண்ணீர் சில நிமிடங்களில் இடுப்பைத் தாண்டிவிடும்.