ஹயில் என்றால் என்ன? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நீங்கள் வேதாகமம் பற்றி எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். போன மாதம் எங்கள் ஊரில் நடந்த எழுப்புதல் கூட்டத்துக்கு வந்த ஊழியக்காரர் ஒருவர் உபாகமம் 8:18-ஐ, ‘ஐசுவரியத்தைச் சம்பாதிக்கிற பெலனைக் கொடுக்கிறவர் கர்த்தர்’ என்கிற வசனத்தை, எடுத்துப் பேசினார். தமிழில் ‘ஐசுவரியம்’ என்று இருக்கிற இடத்தில் எபிரெயத்தில் ‘ஹயில்’ என்று இருக்கிறதாம். அது வெறும் பணம் இல்லை, பணத்தை உண்டாக்குகிற அபிஷேகம், அதாவது கடவுள் இறக்குகிற வல்லமை. பல மடங்காகத் திரும்பும் என்று நம்பிக் கொடுக்கிற விதைக் காணிக்கை கொடுத்து வாயால் அறிக்கையிட்டால் அது இறங்கும். இன்னும் கடனில் கிடக்கிறவர்களிடம் ஹயில் இல்லை என்றார். என் அக்கா கணவரை இழந்தவள். தையல் மெஷினை வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். சீட்டு எடுத்த பணத்தை அப்படியே கொண்டுபோய்க் காணிக்கை போட்டுவிட்டாள். கேட்டால், “எபிரெயத்திலேயே அப்படித்தான் இருக்கு, உனக்கு என்ன தெரியும்?” என்கிறாள். அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே அப்படி ஓர் அர்த்தம் உண்டா?

ம., தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள ம.,

இல்லை. அந்த வசனத்தில் இருப்பது ஹயில்தான். அதுவரைக்கும் அவர் சொன்னது சரி. அபிஷேகம், விதை, அறிக்கை எல்லாம் அவராகச் சேர்த்தவை.

எபிரெய வேதாகமத்தில் இருநூறு தடவைக்கு மேல் வருகிற சொல் இது. சமுத்திரத்தில் மூழ்கிப்போன பார்வோனின் சேனை ஹயில் (யாத்திராகமம் 15:4). கிதியோனைத் தூதன் ‘பராக்கிரமசாலியே’ என்று கூப்பிடுவதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். ஆபகூக் தீர்க்கதரிசி ‘கர்த்தர் என் பெலன்’ என்று பாடும்போது அங்கே இருப்பதும் ஹயில். ஜனங்களை நியாயம் விசாரிக்க ‘திறமையுள்ள’ மனிதரைத் தெரிந்துகொள்ளும்படி மோசேக்கு அவன் மாமன் எத்திரோ சொல்கிறானே, அவர்கள் ஹயில் உள்ள மனிதர்கள். அதே வசனம் அவர்கள் பொருளாசையை வெறுக்கிறவர்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. யாத்திராகமம் 18:21, எடுத்துப் பாருங்கள்.

ஒருவரை விழாமல் நிற்க வைக்கிற வலு எதுவோ அது ஹயில். உடம்பாக இருக்கலாம், ஆள்பலமாக இருக்கலாம், குணமாக இருக்கலாம், சொத்தாக இருக்கலாம். ‘என் சக்திக்கு மீறின செலவு’ என்று நாம் சொன்னால் அது பணம். ‘எழுந்து நிற்கச் சக்தியில்லை’ என்றால் உடம்பு. எது என்பதைப் பக்கத்தில் இருக்கிற வார்த்தை சொல்லிவிடும். அகராதியில் இருக்கிற அத்தனை அர்த்தத்தையும் ஒரே வசனத்தில் கொட்டினால் எந்தச் சொல்லை வைத்தும் எதையும் பிரசங்கிக்கலாம்.

சேனைக்கும் சொத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று நீங்கள் யோசிக்கக்கூடும். 2 இராஜாக்கள் 15-இல் இதற்கு நல்ல தடயம் இருக்கிறது. அசீரிய ராஜா பூல், அதாவது மூன்றாம் திக்லாத் பிலேசர், இஸ்ரவேலுக்கு விரோதமாக வருகிறான். மெனாகேம் ராஜா அவனுக்கு 1000 தாலந்து வெள்ளி கொடுத்துத் தன் ஆட்சியைக் காப்பாற்றிக்கொள்கிறான். அந்த வெள்ளியை ஹயில் உள்ளவர்களிடம் தலைக்கு 50 சேக்கல் என்று வசூலிக்கிறான். தமிழில் அவர்கள் ஐசுவரியவான்கள். ஒரு தாலந்து 3000 சேக்கல். கணக்குப் போட்டால் சுமார் 60,000 பேர் வருகிறது. தலைக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வெள்ளி. வேறு இடங்களில் இதே சொற்றொடர் போர்வீரர்களைக் குறிக்கும். சொந்த நிலம் உள்ளவனால்தான் தன் ஆயுதத்தோடு போருக்குப் போக முடியும், வரி என்றாலும் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஊருக்கு ஓர் ஆபத்து என்றால் முதலில் யாரிடம் கேட்பார்களோ அவனுடைய சொத்துதான் ஹயில். பணத்தை மட்டும் சொல்ல எபிரெயத்தில் ஓஷெர், ஹோன் என்று வேறு சொற்கள் இருக்கின்றன.

சரி, உபாகமம் 8-க்கு வருவோம். அங்கே ஹயில் என்றால் சொத்துதான், சந்தேகமே இல்லை. நல்ல வீடு, பெருகின ஆடுமாடு, வெள்ளி, பொன் என்று 12, 13-ஆம் வசனங்கள் விவரமாகவே சொல்கின்றன. ஆனால் ஊழியக்காரர் 18-இல் ஆரம்பித்துவிட்டார். 17-ஐப் படியுங்கள்: ‘என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது’ என்று ஒருவன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்கிறான். இந்த ஐசுவரியம் என்கிறான் பாருங்கள். ஏற்கெனவே கையில் இருக்கிறது. வயிறு நிறைந்து, வீடு கட்டி, மேட்டிமையாகிவிட்டவனுக்குச் சொல்லுகிற பதில்தான் 18-ஆம் வசனம்: சம்பாதிக்கிற பெலனே கர்த்தர் கொடுத்ததப்பா, மறந்துவிடாதே. இல்லாதவர்களுக்குப் பணம் வர வழி சொல்லுகிற வசனம் அல்ல. மறந்தால் அழிவு என்று அடுத்த இரண்டு வசனங்களும் எச்சரிக்கின்றன.

இன்னொன்று. ‘பெலன்’ என்பதற்கு அந்த வசனத்தில் கோவாக் என்று தனிச்சொல் இருக்கிறது. கடவுள் கொடுப்பது கோவாக், அதைக்கொண்டு மனிதன் சேர்ப்பது ஹயில். அந்த ஊழியக்காரரோ ஹயிலையே கொடுக்கப்படுகிற வல்லமையாக மாற்றிவிட்டார். ஹயில் என்றாலே அபிஷேகம் என்றால், ‘பாவியின் ஆஸ்தி நீதிமானுக்காகச் சேர்த்துவைக்கப்படும்’ என்கிற நீதிமொழிகள் 13:22-ஐ என்ன செய்வது? அங்கே பாவியின் கையில் இருப்பதும் ஹயில்தான். ‘ஐசுவரியம் விருத்தியானால் இருதயத்தை அதின்மேல் வைக்காதேயுங்கள்’ என்று சங்கீதம் 62:10 சொல்லும்போதும் அதே சொல்.

அப்புறம், உங்கள் அக்காவிடம் ஹயில் இல்லை என்று சொன்னது. கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான்.

ரூத்தின் புத்தகத்தைத் திறங்கள். போவாஸ் ‘மிகுந்த ஆஸ்திக்காரன்’ என்று 2:1-இல் வருகிறது. அது ஹயில். அவன் எப்படிப்பட்ட ஆஸ்திக்காரன் என்பதை அறுப்பு வயலில் பார்க்கிறோம். ஏழைகளுக்கும் பரதேசிகளுக்கும் வயலின் ஓரத்தை விட வேண்டும் என்கிற சட்டத்தோடு அவன் நின்றுவிடவில்லை. கதிர் பொறுக்க வந்த மோவாபியப் பெண் ரூத்தைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வறுத்த தானியம் கொடுக்கிறான். அவளுக்காக அரிகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே விட்டுப் போகும்படி வேலையாட்களிடம் சொல்கிறான். அன்று சாயங்காலம் அவள் தட்டிப் பார்த்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை.

அடுத்த அதிகாரத்தில் போவாஸ் அவளிடம் சொல்கிறான்: ‘நீ குணசாலி என்பதை என் ஜனமாகிய ஊராரெல்லாரும் அறிவார்கள்’ (3:11). தமிழில் ‘குணசாலி’ என்று வருவதால் நமக்குத் தெரிவதில்லை. எபிரெயத்தில் ஏஷெத் ஹயில், ஹயில் உள்ள பெண். நிலம் இல்லை, கணவன் இல்லை, சொந்த ஊர் இல்லை, அடுத்தவர் வயலில் கதிர் பொறுக்கிப் பிழைக்கிறாள். அந்த விதவைக்கும் வயலின் சொந்தக்காரனுக்கும் ஒரே சொல். எழுதியவர் தெரிந்தேதான் இதைச் செய்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். நீதிமொழிகள் 31:10-இல் வருகிற ‘குணசாலியான ஸ்திரீ’யும் இதே ஏஷெத் ஹயில். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட லெனின்கிராட் பிரதி என்கிற எபிரெய வேதாகமக் கையெழுத்துப் பிரதியில் நீதிமொழிகள் முடிந்த கையோடு ரூத் தொடங்குகிறது. நீதிமொழிகளில் வருகிற அந்த ஸ்திரீ என்ன வேலை செய்கிறாள்? ‘மெல்லிய புடவைகளை உண்டுபண்ணி விற்கிறாள்’ என்று 24-ஆம் வசனம் சொல்கிறது. தையல் மெஷினில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பெண்ணைப் பார்த்து உனக்கு ஹயில் இல்லை என்று சொல்ல எந்த ஊழியக்காரருக்கும் உரிமை கிடையாது. அப்படிச் சொல்லி அந்தப் பெண்ணிடமிருந்தே பணம் வாங்குவது அநியாயம்.

அக்காவோடு வாக்குவாதம் வேண்டாம். அவர் ஏமாந்தது பேராசையால் அல்ல, பயத்தால். உபாகமம் 8-ஐ முதல் வசனத்திலிருந்தும், அப்புறம் ரூத் நான்கு அதிகாரத்தையும் சேர்ந்து வாசியுங்கள், ஒரு சாயங்காலம் போதும். எபிரெயம் என்று அவர் மறுபடி சொன்னால், கைபேசி வேதாகமச் செயலிகளில் எபிரெய ஸ்ட்ராங் எண் (வேதாகம மூலச்சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருக்கிற எண்) 2428-ஐத் தேடுங்கள். ஹயில் வருகிற இடங்களெல்லாம் வரிசையாக வரும், ரூத் 3:11-ம் அதில் இருக்கும். பணத்தைத் திரும்பக் கேட்பதிலும் தப்பே இல்லை. கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் உள்ளூர்க்காரர்களாக இருந்தால், உங்கள் சபை மூப்பர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் நேரிலேயே கேளுங்கள்.