நன்னீர்த் தொட்டியில் பவளம் வைக்கலாமா?

கேள்வி: 60 லிட்டர் தொட்டியில் நியான் டெட்ரா மீன் வளர்க்கிறேன். அழகுக்காக வெள்ளைப் பவளத் துண்டு ஒன்று வைத்தேன். பிஎச் 6.6-லிருந்து 7.8-க்கு ஏறிவிட்டது. தண்ணீர் மாற்றினால் இறங்குகிறது, சில நாளில் மறுபடி ஏறுகிறது. பிஎச் குறைக்கும் மருந்து ஊற்றலாமா?

பதில்: வேண்டாம், பவளத்தை வெளியே எடுங்கள். பார்வைக்குக் கல்லாக இருந்தாலும் அது சுண்ணாம்புதான், கால்சியம் கார்பனேட். நீர் மென்மையாகவும் அமிலமாகவும் இருந்தால் கரையும். கரையக் கரைய கடினத்தன்மையும் பிஎச்சும் ஏறும். 8-ஐ ஒட்டி வந்தபின் கரைவது ஏறக்குறைய நின்றுபோகும். நீங்கள் புது மென்னீர் ஊற்றியதும் மறுபடி தொடங்கிவிடுகிறது. அமில மருந்து ஊற்றினாலும் இதே கதைதான், பவளம் இன்னும் வேகமாகக் கரையும். மீனை அதிகம் வாட்டுவது இந்த ஏற்ற இறக்கம்தான். எடுத்தபின் ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 10 சதவீதம் போதும்.

கேள்வி: என் மோலி மீன் தொட்டியில் பிஎச் 6-க்குக் கீழே சரிந்துவிட்டது. உடைத்த பவளம் எவ்வளவு போட வேண்டும்?

பதில்: உங்களுக்குப் பவளம் நல்ல மருந்து. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள கார்பனேட்டைத் தின்றுவிடுகின்றன. அது தீர்ந்தால் பிஎச் சரியும்.

ஆனால் முதலில் அம்மோனியாவைச் சோதியுங்கள். 6-க்குக் கீழே அந்தப் பாக்டீரியாக்கள் மந்தமாகிவிடும், அம்மோனியா சேரும். அமில நீரில் அது பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியம் வடிவில் இருக்கும். 25 டிகிரியில் பிஎச் 7-ல் சுமார் 0.5 சதவீதமே நச்சு வடிவம். 8-ல் 5 சதவீதத்துக்கு மேல். பவளம் போட்ட மறுநாள் மீன்கள் செத்து மிதப்பதற்குப் பல நேரம் இதுவே காரணம், பழி மட்டும் பவளத்தின் மேல் விழும். அம்மோனியா இருந்தால், சிறிது சிறிதாகத் தண்ணீர் மாற்றி அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தபின் பவளம் போடுங்கள்.

50 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். கழுவி, நைலான் வலைப் பையில் கட்டி, ஃபில்டரில் பஞ்சுக்கு அடுத்து வையுங்கள். தரையில் பரப்பினால் நீரோட்டம் குறைவு, வேலையும் மெதுவாக நடக்கும். ஒரு வாரம் கழித்து கேஎச் (நீரிலுள்ள கார்பனேட்டின் அளவு) பாருங்கள். 4-ஐ எட்டாவிட்டால் இன்னொரு கரண்டி. மாதம் ஒருமுறை பையை அலசுங்கள். துண்டுகள் மேல் வழுவழுப்புப் படிந்தால் கரையாது.

கேள்வி: பழைய பவளத்தை வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாமா?

பதில்: வினிகர் பவளத்தையே அரித்துவிடும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து ஒரு நாள் ஊறவிடுங்கள். பின்பு நன்றாக அலசி, குளோரின் நீக்கும் மருந்து கலந்த நீரில் மணம் போகும்வரை போட்டு, வெயிலில் காயவையுங்கள். ப்ளீச்சில் வினிகர் கலந்தால் குளோரின் வாயு வரும், எச்சரிக்கை. வினிகருக்கு ஒரே உபயோகம் உண்டு: ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு, நுரைக்காவிட்டால் அநேகமாக பிளாஸ்டிக் போலி, அது பிஎச்சை அசைக்காது.

கேள்வி: உயிருள்ள பவளத்தை நன்னீருக்குப் பழக்க முடியுமா?

பதில்: முடியாது. லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்புள்ள கடல்நீருக்கான உயிர் அது. நன்னீரில் செல்கள் நீரை உறிஞ்சி உப்பி வெடிக்கும். அழுகும் சதை தொட்டியை அம்மோனியாவால் நிரப்பிவிடும்.