கரண்டில் ஓடும் கம்போஸ்ட் மெஷின்: கேள்வி பதில்

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மக்கும் குப்பைக் கொட்டகை அமைத்துக் கொடுப்பது என் வேலை. கூடவே, வீட்டுச் சமையலறையில் வைக்கும் மின்சார மெஷின்களைப் பிரித்துச் சுத்தம் செய்தும் கொடுக்கிறேன். குழுவில் கேள்விகள் சேர்ந்துவிட்டதால் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். எந்தக் கம்பெனி வாங்கலாம் என்ற கேள்விகளை மட்டும் விட்டுவிட்டேன்.

வேளச்சேரி: இருவரும் வேலைக்குப் போகிறோம். மூன்றாவது மாடி, பால்கனி சின்னது. மெஷின் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் எந்த வகை என்று தெரிந்து வாங்குங்கள். கடையில் இரண்டு வகையும் ஒரே பெயரில்தான் விற்கிறது.

முதல் வகை உணவுக் கழிவைச் சூடாக்கி, காயவைத்து, அரைத்துவிடும். நாலைந்து மணி நேரத்தில் வேலை முடியும். ஒரு கிலோ போட்டால் கால் கிலோ அளவில் பழுப்பு நிறத் தூள் வரும். இரண்டாவது வகையில் ஒரு தொட்டியும், மெதுவாகச் சுற்றும் கைகளும், லேசான சூடும், உள்ளே நுண்ணுயிர் கலந்த மரத்தூளோ தேங்காய் நார்த்தூளோ இருக்கும். தினமும் போட்டுக்கொண்டே வரலாம், சில வாரங்களுக்கு ஒருமுறை அள்ளினால் போதும். முதல் வகையில் கிடைப்பது காய்ந்த உணவு. இரண்டாவதில் கிடைப்பது பாதி மக்கிய பொருள். இரண்டுமே முடிந்த எரு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

வெளியூர் போகும் பழக்கம் இருந்தால் முதல் வகைதான் உங்களுக்குச் சரி. இரண்டாவதில் இருப்பவை உயிர்கள். அவற்றுக்கு ஈரமும் தீனியும் வேண்டும்.

பெரம்பூர்: வந்த தூளை ரோஜாத் தொட்டியில் இரண்டு கை போட்டுத் தண்ணீர் விட்டேன். நாலாம் நாள் மேலே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படர்ந்தது, எறும்பு வந்தது, இலை மஞ்சளாகிவிட்டது. மெஷின் பழுதா?

மெஷின் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. பாகற்காய் வற்றலைத் தண்ணீரில் போட்டால் மறுபடி காயாகத்தானே ஊறும்? இதுவும் அப்படித்தான். ஈரம் பட்டதும் பழைய சோறும் காய்த்தோலும் திரும்ப வந்துவிட்டன. மாவும் சர்க்கரையும் அப்படியே இருப்பதால் பூஞ்சைக்கும் எறும்புக்கும் விருந்து.

இலை மஞ்சளானதற்குக் காரணம் மண்ணுக்குள்ளே நடப்பது. மக்காத பொருள் மண்ணுக்குள் போனதும் நுண்ணுயிர்கள் பெருகிச் சிதைக்கத் தொடங்கும். அவை பெருகும்போது வேருக்குப் பக்கத்திலுள்ள பிராணவாயுவையும், பல சமயம் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) எடுத்துக்கொள்ளும். இடையில் உண்டாகும் அமிலங்கள் இளம் வேரைச் சுடும். அதனால் தூளை நேராகத் தொட்டியில் போடாதீர்கள். இதை எல்லோரும் படியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மேல் மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். ரோஜா பிழைத்துக்கொள்ளும்.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். பக்கவாட்டில் துளை போட்ட ஒரு பெயின்ட் பக்கெட் எடுங்கள். ஒரு பங்கு தூளுக்குப் பத்துப் பங்கு பழைய தொட்டி மண். மெஷினின் சூட்டில் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் செத்திருக்கும். அதனால் பழைய எரு ஒரு கை, இல்லாவிட்டால் கொஞ்சம் சாணக் கரைசல் சேருங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை கிளறுங்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் உணவு வாடை போய் மழை பெய்த மண் வாசம் வரும். அப்புறம் ரோஜாவுக்குப் போடுங்கள்.

மடிப்பாக்கம்: ஈபி பில் எவ்வளவு ஏறும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கிலோ சமையலறைக் கழிவில் முக்கால் கிலோ தண்ணீர் என்று வையுங்கள். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் கரண்ட் என்பது 3,600 கிலோஜூல். கொதிநிலைக்குக் கொண்டுபோகும் சூட்டையும் சேர்த்தால் முக்கால் கிலோ தண்ணீருக்குக் குறைந்தது அரை யூனிட். இது இயற்கை விதி, எந்தக் கம்பெனியும் சூடாக்கிக் காயவைக்கும்போது இதற்குக் கீழே போக முடியாது. வெளியே கசியும் சூடு, மோட்டார் எல்லாம் சேர்த்து 0.8 முதல் 1 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 50, 60 யூனிட்.

ஏற்கெனவே 460, 470 யூனிட் ஓடும் வீடு என்றால் கவனம். 500-ஐத் தாண்டிவிட்டால் குறைந்த விலை அடுக்கு கிடைக்காமல் முழு பில்லுமே ஏறும். குறைக்க ஒரே வழி தண்ணீரைக் குறைப்பதுதான். காய்த்தோலைத் துளைத்தட்டில் வடியவிட்டு, அரை நாள் காற்றாட வைத்து, மெஷின் நிறைந்த பிறகு ஓட்டுங்கள். சாம்பார், ரசம் மிச்சத்தை அப்படியே ஊற்றுபவர்கள் கரண்டைக் கொட்டித் தண்ணீரைக் காய்ச்சுகிறார்கள்.

காரைக்குடி: மீன் முள், ஆட்டெலும்பு போடலாமா?

மீன் முள், கோழியின் சின்ன எலும்பு போடலாம். ஆட்டெலும்பு வேண்டாம், பிளேடு போய்விடும். இரண்டாவது வகை மெஷினில் எந்த எலும்பும் வேண்டாம்.

திருச்சி: வேறென்ன போடக்கூடாது?

தேங்காய் நார், வாழைநார், முருங்கைக்காய்ச் சக்கை, கரும்புச் சக்கை, மாங்கொட்டை. என்னிடம் அடைத்துக்கொண்டு வரும் மெஷின்களில் பெரும்பாலானவற்றில் தண்டைச் சுற்றிக் கயிறு முறுக்கினது போல நார்தான் இருக்கும். மேலே தூள் படிந்து இறுகி, கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வாழையிலையைப் போட்டே ஆக வேண்டும் என்றால் விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். வெறும் சோறு மட்டும் போட்டால் பசையாகிச் சுவரில் ஒட்டும், காய்த்தோலோடு கலந்து போடுங்கள்.

ஊறுகாய் வேண்டவே வேண்டாம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஒரு கிலோ கால் கிலோவாகச் சுருங்கும்போது உப்பின் அடர்த்தி நாலு மடங்கு. போர் தண்ணீரே உப்பாக இருக்கும் தெருக்களில் தொட்டி மண் இதைத் தாங்காது.

அண்ணா நகர்: தூளை ஒரு தொட்டிக்கு எவ்வளவு போடலாம்?

பெரம்பூர்க்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். நேராகப் போடாதீர்கள்.

தாம்பரம், மாடித்தோட்டக்காரர்: எதற்கு இந்தச் செலவெல்லாம்? மண்பானையும் காய்ந்த இலையும் போதும். மெஷின் விற்பவர்களுக்கு நீங்கள் துணை போகிறீர்கள்.

வேளச்சேரி (முதல் கேள்வி கேட்டவர்): ஐயா, எங்களுக்கு மொட்டை மாடிச் சாவி கிடையாது. பால்கனியில் பானை வைத்து, புழு வந்து, கீழ் வீட்டு அம்மா அசோசியேஷனில் புகார் கொடுத்துவிட்டார். உங்கள் வழி உங்களுக்கு.

தாம்பரம்: காய்ந்த இலை போதுமான அளவு போட்டிருந்தால் புழு வந்திருக்காது.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தாம்பரம் ஐயா சொல்லும் முறைதான் எனக்கும் பிடித்தது. கரிச்சத்து (கார்பன்) 25, 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்ற அளவில் இருந்தால் குப்பை நாறாமல் மக்கும். காய்கறிக் கழிவில் தழைச்சத்து அதிகம், காய்ந்த இலை அதைச் சரிக்கட்டும். பானையைப் பராமரிக்க முடிந்தவர்கள் பானையே வையுங்கள். கரண்டே வேண்டாம். பானையில் மக்கவைக்கும் வீட்டுக்காரர் மெஷினுக்கு மாறினால் மண்ணுக்கும் லாபம் இல்லை, பணத்துக்கும் லாபம் இல்லை.

ஆனால் வேளச்சேரி வீட்டின் குப்பை பானைக்குப் போகாவிட்டால் எங்கே போகும்? பல வீடுகளில் இன்னும் எல்லாம் ஒரே கவரில் கலந்துதான் போகிறது. கலந்த குப்பை, சென்னையின் குப்பைக்கிடங்குகள் இருக்கும் கொடுங்கையூரையும் பெருங்குடியையும் என்ன செய்தது என்று அந்தப் பக்கம் குடியிருந்தவர்களைக் கேளுங்கள். குவியலுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதைத் தவிர்க்க ஒரு யூனிட் கரண்ட் செலவழிப்பது நியாயம்தான். தூள் கடைசியில் மண்ணுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

போரூர்: நீங்கள் எரு இல்லை என்கிறீர்கள். பெட்டியிலேயே ‘4 மணி நேரத்தில் உரம்’ என்று அச்சடித்திருக்கிறது. கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?

தாம்பரம்: நான் சொன்னேன் அல்லவா!

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு கை தூளை நனைத்து, ஜிப் கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறந்து முகருங்கள். முடிந்த எருவில் மண் வாசம்தான் வரும். புளித்த வாடையோ அழுகல் வாடையோ வந்தால் அது இன்னும் மக்கவில்லை. இன்னொன்று: ஒரு தட்டில் வெறும் மண், இன்னொன்றில் தூள் கலந்த மண், இரண்டிலும் இருபது வெந்தயம் தூவுங்கள். ஐந்து நாளில் இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மக்குவது என்பது உயிர்கள் செய்யும் வேலை. அவை தின்று, சூடேறி, ஆறி, அடங்க வாரக்கணக்கில் ஆகும். நாலு மணி நேரத்தில் ஹீட்டர் தண்ணீரை எடுக்கலாம், அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்காவில் 2023-இல் வந்த ‘மில்’ மெஷினைச் செய்தவர்களே அதில் வருவதைக் கம்போஸ்ட் என்று சொல்லவில்லை. உணவுத் தூள் என்று சொல்லி, கோழித் தீவனத்துக்கு வழி செய்தார்கள். தென் கொரியாவில் 2005-இல் உணவுக் கழிவை நேராகக் குப்பைக்கிடங்கில் புதைக்கத் தடை வந்தது, 2013 முதல் போடும் அளவுக்குக் கட்டணம். அங்கே எடை குறைந்தாலே வீட்டுக்காரருக்கு லாபம். காயவைக்கும் மெஷினின் உண்மையான பலம் அதுதான்: எடை குறையும், நாறாது, ஒரு வாரக் குப்பை ஒரு டப்பாவில் அடங்கும். அதைச் சொல்லி விற்றாலே நல்ல பொருள். உரம் என்று எழுதி விற்பதால் செடிகள் வாடுகின்றன, ஜனங்கள் மெஷினையே பரணில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

போரூர்: சரி, வெந்தயம் போட்டுப் பார்க்கிறேன்.

போடுங்கள். இரண்டு தட்டையும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

கோயம்புத்தூர்: ஓடும்போது வெந்த முட்டைக்கோஸ் வாடை வீடு முழுக்க.

கரி ஃபில்டரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மூன்று முதல் ஆறு மாதம்தான் தாங்கும். வாங்கும்போதே அதன் விலையையும் கேட்டு வையுங்கள்.

டொராண்டோ: பனிக்காலத்தில் வெளியே போக முடிவதில்லை. இங்கே மெஷின் பயன்படுமா?

உங்கள் நகராட்சியே பச்சைத் தொட்டியில் வாங்கிப்போகிறது. இறைச்சி, எலும்பு எல்லாம் எடுக்கிறார்கள். அதை மூடிய கலனில் காற்றில்லாமல் சிதைத்து வாயு எடுக்கிறார்கள். அங்கே போடுங்கள், மெஷின் வேண்டாம்.

மதுரை: நுண்ணுயிர் மெஷின் வைத்திருக்கிறேன். உள்ளே களி போல் ஆகிவிட்டது, புளிச்ச வாடை.

சோறும் பழமும் அதிகம், காற்று போகவில்லை. இரண்டு மூன்று நாள் எதுவும் போடாதீர்கள். கழுவிக் காய்ந்த நார்த்தூளோ மரத்தூளோ ரெண்டு கை போட்டுக் கிளறவிடுங்கள். கட்டிகளை உடைத்துவிடுங்கள். கழுவும் சோப்புத் தண்ணீர், வினிகர், கெட்டுப்போன மாத்திரை எதுவும் உள்ளே போகக் கூடாது. முழுக்கக் கறுத்து நாற்றம் போகாவிட்டால் பாதியை அள்ளி எடுத்துவிட்டுப் புது நார்த்தூளோ மரத்தூளோ சேருங்கள்.

சேலம்: ‘மக்கும் பை’ என்று போட்ட கவரோடு சேர்த்துப் போடலாமா?

வேண்டாம். அந்தப் பைகள் பெரிய ஆலைகளில் 58 டிகிரி அளவில் மாதக்கணக்கில் வைத்து மக்கும் தரத்துக்குச் செய்தவை. மெஷினில் துண்டு துண்டாகக் கிழிந்து மண்ணில்தான் கிடக்கும்.

குரோம்பேட்டை: சிங்க் அடியில் பொருத்தும் அரைக்கும் மெஷின் நல்லதா?

அது என் துறை இல்லை, பிளம்பரிடம் கேளுங்கள். செப்டிக் டேங்க் வீடு என்றால் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆவடி: தூளைத் துளசிக்கு நேராகப் போடலாமா? கொஞ்சம்தான்.

கூடாது. துளசிக்கும் கூடாது, கறிவேப்பிலைக்கும் கூடாது, கொஞ்சமும் கூடாது. பெரம்பூர் பதில்.

செங்கல்பட்டு: அடிக்கடி கரண்ட் போகும். இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

வேண்டாம். 500 வாட் அளவில் ஹீட்டர் இழுக்கும், பேட்டரி சீக்கிரம் தேய்ந்துவிடும். பாதியில் நின்றால் மூடியைத் திறக்காமல் விட்டுவிடுங்கள். கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓட்டுங்கள். ராத்திரி முழுக்க வராவிட்டால் காலையில் எடுத்து மண் பக்கெட்டில் புதைத்து, மேலே இரண்டு அங்குலம் மண் மூடிவிடுங்கள்.