கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் இணைப்பது: மிடி (இசைக்கருவிகளும் கம்ப்யூட்டரும் செய்தி பரிமாறும் முறை) கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையம்: அண்ணா, பழைய கீபோர்டு ஒன்று வாங்கியிருக்கிறேனுங்க. பின்னால் ஐந்து முள் துளை இரண்டு இருக்கிறது. மலிவான யுஎஸ்பி மிடி கேபிள் சொருகினேன். விளக்கு எரிகிறது, ஒரு நோட்டும் வரவில்லை.

இரண்டு முனையையும் மாற்றிச் சொருகிப் பாருங்க தம்பி. கேபிளில் 'இன்' என்று எழுதியிருப்பது சில தயாரிப்பில் கீபோர்டின் இன்னுக்குப் போக வேண்டியது, சிலவற்றில் அவுட்டுக்கு. கீபோர்டின் அவுட் கம்ப்யூட்டருக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். மாற்றிச் சொருகினால் எதுவும் கெடாது. அப்புறம் மென்பொருளில் அந்தக் கேபிளை மிடி இன்புட்டாகத் தேர்ந்தெடுங்க.

ஒன்று மட்டும் மனதில் வையுங்க: மிடியில் சத்தம் போகாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக, எப்போது விட்டது என்ற செய்திதான் போகும். தவில்காரருக்குக் கண்ஜாடை காட்டுவது மாதிரி. அடி விழுவது அவர் கையில்.

பொள்ளாச்சி: கட்டையை அழுத்தினால் சத்தம் தாமதமாக வருகிறது. விலை உயர்ந்த மிடி கேபிள் வாங்கட்டுமா?

வேண்டாம். மிடி நொடிக்கு 31,250 பிட் ஓடுகிறது. ஒரு நோட்டுக்கு மூன்று பைட், ஒரு மில்லி நொடிகூட ஆகாது. தாமதம் ஆடியோ பஃபரில், அதாவது கம்ப்யூட்டர் சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்து வெளியே விடும் இடத்தில் இருக்கிறது. நொடிக்கு 44,100 சாம்பிள் (சத்தத்தின் சிறு துண்டு) என்ற கணக்கில் பஃபர் 1024 சாம்பிள் என்றால் 23 மில்லி நொடி, 128 என்றால் 3. விண்டோஸ் என்றால் ஏசியோ டிரைவர் (தாமதம் குறைந்த ஆடியோ மென்பொருள்) போட்டு பஃபரைக் குறையுங்க. சத்தம் வெட்டி வெட்டி வந்தால் ஒரு படி ஏற்றுங்க.

சோமனூர்: லேப்டாப்பும் மிக்சரும் சேர்ந்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைகிறது.

சார்ஜரைக் கழற்றிப் பாருங்க. நின்றால் அது எர்த் சுற்று, இரண்டு கருவியின் எர்த்தும் வயர் வழியாகச் சேர்ந்து வளையமாகி இரைகிறது. எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்டில் இருந்து எடுங்க. அதற்கும் போகாவிட்டால் ஆடியோ வயரில் ஐசொலேட்டர் (நேரடி மின்தொடர்பை வெட்டி சத்தத்தை மட்டும் கடத்துவது) போடுங்க. எர்த் முள்ளை மட்டும் உடைக்காதீங்க, உயிர் போகும் விஷயம். ஐந்து முள் மிடியில் இந்தத் தொல்லை குறைவு, வாங்கும் பக்கத்தில் ஆப்டோகப்ளர் செய்தியை ஒளியாகக் கடத்துகிறது. மலிவுக் கேபிள் சிலவற்றில் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஈரோடு: மிடி கேபிள் போட்டு ரெக்கார்டு செய்தேன். என் கீபோர்டின் வயலின் வரவில்லை, பியானோ வருகிறது.

மிடியில் சத்தம் போகாது. போனது கட்டைச் செய்தி மட்டும், பியானோ கம்ப்யூட்டரின் சத்தம். கீபோர்டின் ஆடியோ அவுட்டைத் தனியாக ரெக்கார்டு செய்யுங்க.

திருப்பூர்: ஒரு கட்டைக்கு இரண்டு சத்தம் வருதுங்கண்ணா.

கீபோர்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஒலிக்கின்றன. கீபோர்டில் லோக்கல் கன்ட்ரோலை (கட்டைக்குக் கீபோர்டே சத்தம் தருவதை) ஆஃப் செய்யுங்க அம்மணி.

கரூர்: மிடி ஃபைலை நண்பருக்கு அனுப்பினேன், அவரிடம் வேறு மாதிரி கேட்கிறது.

ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன அதே பதில். கேட்குமுன் மேலே படியுங்க.

அவிநாசி: எந்த லேப்டாப் வாங்கலாம்?

அது என் வேலை இல்லைங்க.

தாராபுரம்: நான் நாதஸ்வரம் வாசிப்பவன். மிடி வந்துதான் கமகம் செத்தது. எல்லாவற்றையும் பன்னிரண்டு கட்டைக்குள் அடைத்துவிட்டீர்கள்.

ஐயா, இதை நான் ஏற்கவில்லை. 1983-இல் மிடியைக் கொண்டுவந்தவர்கள் கீபோர்டு சிந்தசைசர் செய்தவர்கள். அதனால் கட்டையை அழுத்தியது, விட்டது என்பதே அதன் அடிப்படை. ஆனால் அதிலேயே பிட்ச் பெண்ட், அதாவது சக்கரத்தைத் திருப்பிச் சுரத்தை வளைக்கும் வசதி இருக்கிறது, 16,384 படி. வழக்கமாக மேலும் கீழும் இரண்டு செமிடோனுக்கு (அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி ஒரு செமிடோன்) வைத்திருப்பார்கள். அதைப் பன்னிரண்டாக்கினாலும் ஒரு செமிடோனுக்கு 680 படிக்கு மேல் கிடைக்கும். தோடியின் காந்தார அசைவுக்கு அது தாராளம்.

தாராபுரம்: சக்கரத்தைத் திருப்பினால் கமகம் ஆகிவிடுமா தம்பி? மூச்சு எங்கே?

நியாயமான கேள்வி. மூச்சுக்கென்றே இரண்டாம் எண் கன்ட்ரோலர் இருக்கிறது. ஊதும் கருவியை இணைத்தால் காற்றின் அழுத்தம் அதில் போகும். குறை வேறு இடத்தில்: பிட்ச் பெண்ட் ஒரு சேனல் (மிடிச் செய்தி போகும் தனி வழி) முழுவதையும் வளைக்கும், சுருதி அதே சேனலில் இருந்தால் அதுவும் வளையும். சுருதியை வேறு சேனலில் வையுங்க, பதினாறு இருக்கிறது. நோட்டுக்கு ஒரு சேனல் தரும் எம்பிஇ முறை 2018-இல் வந்துவிட்டது. உண்மையில் கமகத்தைக் கொல்வது குவாண்டைஸ் பொத்தானும் (நோட்டுகளைத் தாளக் கட்டத்தில் நேராக அடுக்குவது) வளைவை வரைய மெனக்கெடாத சோம்பலும்தான். நம் ஊர் நோம்பிப் பாட்டு ரெக்கார்டிங்குகளில் இதைக் கேட்டு எனக்கும் வயிறு எரிகிறது.

கோவை: ஐயா சொல்வதுதான் சரி, மெஷினில் வராது.

ரேஞ்சைப் பன்னிரண்டாக்கி ஒரு ஆலாபனை வாசித்துப் பார்த்துவிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

தாராபுரம்: சரி, அந்த ரேஞ்சை எங்கே மாற்றுவது?

உங்கள் மென்பொருள் வாத்தியத்தின் செட்டிங்கில் 'பெண்ட் ரேஞ்ச்' என்று இருக்கும் ஐயா. வளைவை அனுப்பும் கருவிக்கும் அப்படி ஒரு அமைப்பு இருந்தால் அதிலும் பன்னிரண்டே வையுங்க. இரண்டும் வேறுபட்டால் சுரம் தப்பும்.